சம்போ என்று ஒரு குரல்

என் மகனுக்கு இப்போது ஏழு வயது. அவன் வயிற்றில் வருவதற்கு முன்பு, பிள்ளை வரம் வேண்டி, ஒரு கார்த்திகைக் கடைஞாயிறு நள்ளிரவில் வேலூர் பக்கத்து விரிஞ்சிபுரம் சிவன் கோயில் சிம்ம தீர்த்தத்தில் முழுகி, ஈரப் புடவையோடு பிரகாரத்தில் படுத்திருந்தேன். அம்மா தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். "பேரனோ பேத்தியோ, கையப் புடிச்சிக் காசிக்குக் கூட்டிட்டு வர்றேன் மார்கபந்து" என்று அந்தக் கோயில் வழித்துணை நாதரிடம் (அதுதான் மார்கபந்து) அன்றைக்கு அம்மா வேண்டிக்கொண்டது. வருஷா வருஷம் ஏதோ ஒன்று தட்டிப்போய், அம்மாவுக்கு முழங்காலும் தேய்ந்த பிறகு, இந்த வருஷம்தான் காட்பாடியில் சங்கமித்ரா ரயில் ஏறினோம். இரண்டு ராத்திரிப் பயணம்.

காசிக்குப் பக்கத்து முகல்சராயில் (இப்போது தீன் தயாள் உபாத்யாயா சந்திப்பு) இறங்கியதுமே பிடுங்கல் ஆரம்பம். ஆட்டோக்காரர் பாதி வழியில் கூலியை ஏற்றினார். படித்துறையில் ஒருவர் கேட்காமலே பையன் நெற்றியில் சந்தனத்தை இழுத்துவிட்டுக் காசுக்குக் கை நீட்டினார். செல்போனை வைக்க லாக்கர் கேட்டால் பூஜைத் தட்டு வாங்கினால்தான் என்கிறார்கள். வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் எல்லாவற்றுக்கும் முதலிலேயே விலை பேசிவிடுங்கள்.

கேதார் கட்டத்தில் கங்கையைப் பார்த்ததும் அம்மா படியிலேயே நின்றுவிட்டார். "இம்மாம் தண்ணியா பாப்பா!" பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியில் மொண்டு மொண்டு குடம் நிறைத்து வளர்ந்தவர். 2021 நவம்பரில் பாலாறு இருகரை தொட்டு ஓடியபோது தினமும் போய்ப் பார்த்துக் கும்பிட்டு வந்தவர். பேரன் கையைப் பிடித்து மூன்று முழுக்குப் போட்டார். எழுந்து வர மனசே இல்லை.

விஸ்வநாதர் சந்நிதியில்தான் மனசு நொந்துபோனது. மூன்று மணி நேரம் வரிசை. உள்ளே போன வேகத்தில் வெளியே தள்ளிவிட்டார்கள். அம்மா கண்ணில் பட்டது வில்வக் குவியல் மட்டும். "சாமியப் பாக்கலையே" என்று சாயங்காலம் வரை அதே பேச்சு. சாப்பிடவும் இல்லை.

அந்தி நேரம் சந்து ஓரமாக நின்றிருந்தோம். திடீரென்று "சம்போ! சம்போ!" என்று குரல். கூட்டம் தானாக வழிவிட்டது. நம் நகரத்தார் சத்திரத்திலிருந்து விஸ்வநாதருக்குப் பூஜைச் சாமான் போகிறது. 200 வருஷத்துக்கு மேலாக ஒருநாள் தவறாமல் நடக்கிற கைங்கரியம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மா சொல்லிக்கொண்டே வந்தது அப்பய்ய தீட்சிதரின் மார்கபந்து ஸ்தோத்திரம். அதிலும் அடிக்கு அடி இதே சம்போதான். அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "வந்துட்டியா வழித்துணை நாதா" என்று வாய்விட்டு அழுதார். பால் குடம் எங்களைத் தாண்டிப் போயிற்று. பையன் அந்தப் பக்கம் பார்த்துத் தானாகவே கை கூப்பினான். அப்பனே, வாசலில் நின்றவர்களைத் தேடி நீயே வந்தாயே! அதற்குப் பிறகு விசாலாட்சி, அன்னபூரணி, கயா எல்லாம் போனோம். எனக்கு நினைவில் நிற்பது அந்தச் சந்துதான்.

ஊர் திரும்பிய மறுநாளே கங்கைச் சொம்பை விரிஞ்சிபுரத்தில் குருக்களிடம் கொடுத்தோம். அபிஷேகம் கண்குளிர நடந்தது. யாரும் தள்ளவில்லை, மரகதாம்பிகை முன்னால் அம்மா அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். சொம்பின் அடியில் ஒரு கையளவு மீதி இருந்தது. அதைக் கொண்டுபோய் பாலாற்று மணலில் அம்மா விட்டார். விட்டதும் உறிஞ்சிக்கொண்டது.