தூதரக மானியம்: விண்ணப்பம் எழுதும் முன் முடிக்க வேண்டிய வேலைகள்

மதுரை மாவட்டத்தில் மேலூர், சேடப்பட்டிப் பக்கமுள்ள சிறு அறக்கட்டளைகளுக்கு வெளிநாட்டு அரசுகளின் சிறு திட்ட மானியம் எட்டாத பொருளல்ல. ஜப்பான் 1989-லிருந்து நடத்திவரும் ‘குசனோனே’ அடித்தள மானியத்துக்குத் தமிழ்நாட்டுக்காரர்கள் சென்னையிலுள்ள துணைத் தூதரகத்தில் விண்ணப்பிக்கலாம். ஆஸ்திரேலியாவுக்கும் இதேபோல நேரடி உதவித் திட்டம் ஒன்று இருக்கிறது. நல்ல திட்டங்கள் பலவும் விழுவது ஆங்கிலம் சரியில்லாததால் அல்ல, அடிப்படைக் காகிதம் இல்லாததால்.

முதலில் எப்.சி.ஆர்.ஏ., அதாவது வெளிநாட்டு நிதி பெறுவதை முறைப்படுத்தும் சட்டத்தின் கீழான பதிவு. ஒரு நாட்டின் அரசே தருகிற பணத்துக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சட்டப்படி வெளிநாட்டு அரசும் வெளிநாட்டு மூலம்தான். பதிவு பெற அமைப்பு தொடங்கி மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டுகளில் நிர்வாகச் செலவு போக, நோக்கப் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். இந்தத் தகுதி இல்லாதவர்கள் முன் அனுமதி கேட்கலாம். அதற்குத் தருபவரின் உறுதிக் கடிதம் வேண்டும். அனுமதி அந்த ஒரு திட்டத்துக்கும் அந்தத் தொகைக்கும் மட்டுமே செல்லும்.

“பெரிய தொண்டு நிறுவனம் வாங்கி நமக்குத் தரட்டும்” என்ற வழி அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்தோடு அடைபட்டுவிட்டது. ஒரு அமைப்பு பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றக் கூடாது. பணம் முதலில் வந்து இறங்க வேண்டியது ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில்தான். கணக்கைத் தொடங்க தில்லி போக வேண்டாம், உள்ளூர் ஸ்டேட் வங்கிக் கிளை வழியே செய்யலாம். செலவுக்கு மதுரையில் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது இடம். பட்டா யார் பெயரில் என்று பாருங்கள். புறம்போக்கில் கட்டுவதாகச் சொன்னால் ஊர்க் கூட்டத் தீர்மானம் போதாது, எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். கண்மாய் வேலை என்றால் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) 40 ஹெக்டேருக்கு மேலா கீழா என்று முதலில் கேளுங்கள். மேல் என்றால் நீர்வளத் துறை, கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். தவறான அலுவலகத்தில் வாங்கிய தடையின்மைச் சான்று செல்லாது.

கொட்டேஷன் மூன்று வேண்டும், மூன்றும் ஒரே அளவு, ஒரே தரத்துக்கு. ஒருவர் 3 குதிரைத்திறன் மோட்டாருக்கும் இன்னொருவர் 5-க்கும் விலை கொடுத்தால் ஒப்பிடவே முடியாது. ஜி.எஸ்.டி. சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள்: 50 லட்சம் வேலைக்கு 18 சதவீதம் என்றால் 9 லட்சம். அதை விட்டுவிட்டு விண்ணப்பித்தால் கூரை போடும்போது காசு இருக்காது. மானியம் அந்நிய நாணயத்தில் முடிவானால் மாற்று விகிதம் இறங்குவதற்கும் இடம் விட்டு வையுங்கள்.

குசனோனே கட்டடத்துக்கும் கருவிக்கும் தரும். சம்பளத்துக்கும் அன்றாடச் செலவுக்கும் தராது. ஆகவே பராமரிப்புக் கணக்குதான் விண்ணப்பத்தின் உயிர். குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 100 கேன், கேனுக்கு 5 ரூபாய் என்றால் மாதம் 15,000. இதில் இயக்குபவர் சம்பளம், மின் கட்டணம், வடிகட்டி, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும் மெம்பிரேன் (உப்பைப் பிரிக்கும் சவ்வு) எல்லாம் அடங்குமா? அடங்காது என்றால் விலையைக் கூட்டுங்கள், அல்லது ஊராட்சி எதை ஏற்கும் என்று எழுதி வாங்குங்கள். கழிவுநீரை மறக்கவே கூடாது. 100 கேன் என்பது 2,000 லிட்டர். உப்புத் தண்ணீரில் கிட்டத்தட்ட அதே அளவு கழிவாகப் போகும். அது ஊருணிக்குள் விழுந்தால் இருக்கிற நல்ல தண்ணீரும் கெடும்.

ஒப்பந்தம் ஆனபின் பொருளையோ இடத்தையோ மாற்ற நினைத்தால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதில் வந்தபின் மாற்றுங்கள். பில், புகைப்படம், வங்கி ஏடு மூன்றையும் வேலை நடக்கும்போதே கோப்பில் சேருங்கள். நிர்வாகச் செலவு வெளிநாட்டு நிதியில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வெளிநாட்டு நிதிக் கணக்கைக் காட்டும் எப்.சி.-4 ஆண்டறிக்கைக்கு டிசம்பர் 31 கெடு. அந்த ஆண்டு ஒரு ரூபாயும் வராவிட்டாலும், பதிவு பெற்ற அமைப்பு அதைத் தாக்கல் செய்தே ஆக வேண்டும்.