ஓடுபாதைக்கு அடியில் ஓடும் அடையாறு

சென்னை விமான நிலையம் என்றதும் பலர் 2023இல் திறக்கப்பட்ட புதிய முனையத்தின் அழகையோ குடியேற்றப் பிரிவின் நீண்ட வரிசையையோதான் பேசுகிறார்கள். எனக்கு அடையாறுதான் நினைவுக்கு வருகிறது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் விமானங்கள் பெரும்பாலும் மேற்கிலிருந்து, பம்மல், பொழிச்சலூர் பகுதி மொட்டை மாடிகளுக்கு மேலாகத் தாழ்ந்து வந்து இறங்கும். அப்போது இடப்பக்க ஜன்னல் இருக்கை கிடைத்தால், ஆகாயத்தாமரை மண்டிய ஆறு வளைந்து வந்து, இரண்டாவது ஓடுபாதையைத் தாங்கும் தூண்களுக்கிடையே நுழைந்து மறுபுறம் வெளிப்படுவதைப் பார்க்கலாம்.

ஆற்றின் மேல் ஓடுபாதை அமைத்ததற்கு இட நெருக்கடியே காரணம். தெற்கே ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையும் ரயில் பாதையும் அவற்றையடுத்துத் திரிசூலம் குன்றுகளும் இருக்கின்றன. மற்றப் பக்கங்களில் வீடுகள் நெருங்கிவிட்டன. 3,658 மீட்டர் நீளமுள்ள முதன்மை ஓடுபாதையைக் குறுக்காக வெட்டிச் செல்லும் இரண்டாவது ஓடுபாதையை நீட்டிக்க வேண்டுமென்றால், ஆற்றைத் தாண்டித்தான் நீட்டிக்க முடியும் என்ற நிலை. பொறியியல் சாதனை என்ற வகையில் அந்தப் பாலத்தின் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஆறு என்பது நாம் கோடையில் பார்க்கும் அந்த ஒல்லியான நீர்க்கோடு மட்டும் அன்று. பெருமழைக் காலத்தில் அது பரவுவதற்குத் தேவைப்படும் நிலமும் ஆற்றைச் சேர்ந்ததே.

2015 டிசம்பர் 1 அன்று இது எல்லோருக்கும் புரிந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி அளவுக்குத் தண்ணீர் திறக்கப்பட, வழியெங்கும் பெய்த மழைநீரும் சேர்ந்துகொண்டு, அடையாறு கரை மீறி விமான நிலையத்துக்குள் புகுந்தது. ஓடுபாதை மூழ்கியது, நிறுத்தியிருந்த விமானங்கள் தண்ணீருக்கு நடுவே நின்றன. நிலையம் பல நாள்கள் மூடப்பட்டு, அரக்கோணத்திலுள்ள கடற்படையின் ராஜாளி விமானத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் இயக்கப்பட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஓடுபாதையில் வெள்ளம் நின்று நிலையம் மூடப்பட்டது.

விமான நிலைய நெரிசலுக்குத் தீர்வாக, காஞ்சிபுரம் அருகேயுள்ள பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அமையும் என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. அதற்கான 5,000 ஏக்கருக்கும் அதிகமான நிலப்பரப்பில் ஏரிகளும் நெல்வயல்களும் அடங்குகின்றன. அங்குள்ள ஏகனாபுரம் கிராமத்து மக்கள் இத்திட்டத்தை எதிர்த்துத் தொடர்ந்து போராடி வருகிறார்கள். இந்த எதிர்ப்பை வெறும் நிலப் பிரச்சினையாகச் சுருக்குவது எனக்கு ஏற்புடையதன்று. பாலாற்றிலிருந்து பிரிந்து ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கு நீர் கொண்டுசெல்லும் கம்பன் கால்வாய் அந்தப் பகுதி வழியாகத்தான் போகிறது. ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்கு வருகிறது. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் கலந்து, மீனம்பாக்கத்தில் உள்ள இன்றைய விமான நிலையத்தின் ஓடுபாதைக்கு அடியில் வந்து சேருகிறது. பரந்தூரில் ஏரிகள் தேக்கி வைக்கும் மழைநீரை ஒரு கான்கிரீட் பரப்பு தேக்கி வைக்காது. அந்த நீர் எந்த வழியாக, எவ்வளவு வேகத்தில் கீழே வரும் என்ற கணக்கை, ஏகனாபுரத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமின்றி, அனகாபுத்தூரிலும் மணப்பாக்கத்திலும் ஆற்றங்கரையில் குடியிருப்பவர்களுக்கும், முதல் மண்வெட்டி விழுவதற்கு முன்பே அரசு தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டும்.