சுங்கை சிப்புட்டில் ஒரு கம்பளி ராட்டை

"இலை கொட்டுற மாசத்துல வாம்மா. அப்பத்தான் நான் சொல்றது உனக்கு வெளங்கும்" என்று பெரியம்மா தொலைபேசியில் சொல்லியிருந்தபடியால், வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு மார்ச் மாத முதல் வாரத்தில் கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து வடக்கே செல்லும் ரயிலில் ஏறினேன். ஈப்போவைத் தாண்டியதும் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு இடையே செம்பனை எனும் எண்ணெய்ப்பனை வரிசைகள் ஓடி மறைந்தன. அவற்றுக்கு நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எஞ்சியிருந்த பால்மரக் காடுகள், அதாவது ரப்பர்த் தோட்டங்கள் மட்டும் இலையெல்லாம் உதிர்ந்து, சாம்பல் நிறக் கிளைகளோடு நின்றன. வெளியே கொளுத்துகிற வெயில். ஆனால் அந்த மரங்களை மட்டும் பார்ப்பவருக்கு ஏதோ குளிர்நாட்டுக்கு வந்துவிட்டோமோ என்றுதான் தோன்றும். தோட்டத் துரைமார்கள் இந்தப் பருவத்தை ஆங்கிலத்தில் 'விண்டரிங்' என்றே குறித்தார்கள். மரம் இலையை உதிர்த்துப் புதுத்தளிர் விட்டு முடிக்கும்வரை பால் குறைந்துவிடும், அதோடு சேர்ந்து தோட்டத்து மக்களின் சம்பளமும் குறைந்துவிடும்.

சுங்கை சிப்புட் என்றால் மலாய் மொழியில் நத்தை ஆறு. பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையில் உள்ள இவ்வூரை, முன்னாள் அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊர் என்று சொன்னால் மலேசியத் தமிழர் எவருக்கும் தெரியும். ரயில் நிலையத்திலிருந்து பெரியம்மா வீட்டுக்குப் போகும் வழியில், சம்பந்தன் உருவாக்கிய மகாத்மா காந்தி கலாசாலையைக் காட்டும்படி ஓட்டுநரிடம் கேட்டுக்கொண்டேன். நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்துவைத்த பள்ளி அது. ராட்டை என்றாலே காந்தி நூற்கும் படம்தான் எனக்கு நினைவுக்கு வரும், ஒரு ராட்டையை இயங்கும் நிலையில் நான் அதுவரை கண்டதில்லை. அதைக் காணப் போகும் வழியில் அந்தப் பெயர்ப்பலகையைக் கடந்தது எனக்கு நல்ல சகுனமாகவே பட்டது.

பெரியம்மா இவ்வூரை அடுத்த ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர். பள்ளிக்குப் போகும் முன் பாட்டியோடு இருட்டில் காட்டுக்குப் போய் பால் பிடிக்கும் மங்கு துடைத்துக் கொடுத்த கை அவருடையது. தாதியர் பயிற்சி முடித்து 1979இல் நியூசிலாந்தின் தென்தீவுக்குப் போனார். கேண்டர்பரி சமவெளியிலுள்ள ஆஷ்பர்ட்டன் ஊரில் வேலை பார்த்தபோது ஆட்டுப்பண்ணையில் மேய்ப்பராக இருந்த ஒருவரை மணந்துகொண்டு, மலையடிவாரத்துப் பண்ணைவீட்டில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார். பெரியப்பா காலமான பிறகு ஊர் திரும்பினார். உடன் வந்த பெட்டிகளில் ஒன்றில் ராட்டையும் மற்றொன்றில் கழுவி உலர்த்திய ஆட்டுரோமமும் இருந்தன.

ராட்டை கூடத்தில் சன்னலோரமாக இருந்தது. ஆஷ்பர்ட்டனில் 1934 முதல் இயங்கிவரும் ஆஷ்ஃபோர்ட் நிறுவனத்தின் மரராட்டை. காந்தியின் ராட்டையைப் போலத் தரையில் அமர்ந்து கையால் சுற்றுவது இல்லை இது. நாற்காலியில் உட்கார்ந்து காலால் மிதிகட்டையை அழுத்தினால் பெரிய சக்கரம் சுழலும், இரண்டு கைகளும் ரோமத்துக்கே உரியவையாக இருக்கும். பெரியம்மா மிதித்துக் காட்டியபோது, ராட்டைக்கு அடியில் படுத்திருந்த பழுப்புநிறத் தெருநாய் ஒருமுறை காதை மட்டும் அசைத்துவிட்டு மறுபடியும் உறங்கிப்போனது. எந்த ஊரில் இருந்தாலும் ராட்டையின் காலடியில் ஒரு நாய் இல்லாவிட்டால் தனக்கு நூல் ஒழுங்காக வராது என்றார்.

அங்கே குளிர்காலம் என்பது சூன், சூலை, ஆகஸ்ட் மாதங்கள். ஆனால் அதற்கான ஏற்பாடு ஏப்ரலிலேயே தொடங்கிவிடும் என்று அவர் விவரித்தார். பனி விழுவதற்குள் மலைமுகடுகளில் மேயும் ஆடுகளையெல்லாம் திரட்டித் தாழ்நிலத்துக்கு இறக்கிவிட வேண்டும். அந்தத் திரட்டலுக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'மஸ்டர்'. கல்யாணமான புதிதில் பெரியப்பா அந்தச் சொல்லைச் சொன்னதும் பெரியம்மாவுக்கு விடியற்காலை ஐந்து மணியும், தோட்டத்து மணியோசையும், கையில் விளக்கோடு வரிசையில் நிற்கும் பாட்டியும் நினைவுக்கு வந்துவிட்டார்களாம். நாம் பெரட்டு என்று சொல்லும் விடியற்காலை ஆள் கணக்கெடுப்பை இங்கே துரைமார்கள் அதே 'மஸ்டர்' என்ற சொல்லால்தான் குறித்தார்கள். "இங்க ஆளுங்களுக்குப் பெரட்டு, அங்க ஆட்டுக்குப் பெரட்டு. ரெண்டுலயும் விடியிறதுக்கு முன்னாடி எழுந்திரிச்சுத்தான் ஆகணும்" என்றார்.

அந்தப் பெரட்டை நடத்துபவை நாய்கள். இதைச் சொல்லத் தொடங்கியபோது பெரியம்மா ராட்டையை நிறுத்திவிட்டார். பெரியப்பாவிடம் எப்போதும் ஐந்தாறு நாய்கள் இருந்தனவாம். அவற்றில் இருவகை உண்டு. ஒன்று ஹெடிங் நாய். அது குரைக்கவே குரைக்காது. ஓசையின்றி மந்தையைச் சுற்றிக்கொண்டு முன்னே போய், உடலைத் தாழ்த்தி, கண்ணாலேயே ஆடுகளை நிறுத்தித் திருப்பும். மற்றொன்று ஹண்ட்அவே. அது பின்னாலிருந்து கனத்த குரலில் ஓயாமல் குரைத்துக்கொண்டே ஆடுகளை முன்னே தள்ளும். நியூசிலாந்து மேய்ப்பர்கள் தங்கள் மலைகளுக்கென்றே உருவாக்கிய இனம் அது, அந்நாட்டுக் கென்னல் கிளப் 2013இல்தான் அதைத் தனி இனமாக ஏற்றது. பள்ளத்தாக்கின் மறுகரையில் புள்ளியாகத் தெரியும் நாயைச் சீழ்க்கையொலியால் இடம், வலம், நில் என்று நடத்த வேண்டும்.

பனிநாட்களில் நாய்களின் விரலிடுக்கு மயிரில் பனி ஒட்டிக்கொண்டு கோலிக்குண்டுபோல் இறுகிவிடும். நடக்க நடக்க அது சதையை அறுக்கும். மாலையில் நாய்கள் திரும்பியதும் ஒவ்வொரு பாதத்தையும் வெதுவெதுப்பான நீரில் வைத்துக் கரைத்து, துடைத்து, ஆட்டுக்கொழுப்பு தடவிவிடுவது பெரியம்மாவின் வேலை. நாய்கள் கூண்டில்தான் இருக்க வேண்டும், வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அங்குள்ள மேய்ப்பர் வழக்கம். பெரியம்மா மணி என்று பெயர் வைத்து வளர்த்த ஒரு கிழட்டு ஹெடிங் நாய்க்காகப் பெரியப்பாவோடு ஒரு வாரம் பேசாமல் இருந்து, அதை அடுப்பங்கரைக்குள் கொண்டுவந்தாராம். வசந்தத்தில் மணியின் உள்மயிர் உதிரும்போது சீப்பால் வாரி எடுத்துச் சேர்த்து வைத்தார். நாய்மயிருக்கு ஆட்டுரோமத்தின் நெளிவு கிடையாது, தனியாக நூற்றால் நூல் தொய்ந்துவிடும். அதனால் ஆட்டுரோமத்தோடு கலந்து நூற்றார். அந்த நூலைச் சுற்றிவைத்த சிட்டத்தை எடுத்து என் மடியில் வைத்தார். சாம்பலும் வெள்ளையுமாக, ஆட்டு நூலைவிட மெத்தென்று, சுற்றிலும் மெல்லிய பூம்படலத்தோடு இருந்தது. நனைந்தால் இன்றைக்கும் நாய் வாடை வரும் என்று சொல்லிவிட்டு, அதை வாங்கி ஒருமுறை முகர்ந்து பார்த்தார்.

அவர் நூற்பது பெரும்பாலும் காரிடேல் ஆட்டின் ரோமம். மெரினோவோடு நீண்ட ரோமம் தரும் ஆங்கில ஆட்டினத்தைக் கலந்து நியூசிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவாக்கப்பட்ட இனம் இது. கைநூற்புக்கு இதைப்போல் இணங்கி வருவது வேறொன்றில்லை என்பது அவர் தீர்ப்பு. ரோமத்தைப் பிரித்து, கம்பிப் பற்கள் வைத்த இரண்டு பலகைகளுக்கு இடையில் வாரி, பாய்போல் சுருட்டுகிறார். அந்தச் சுருளின் நுனியைச் சக்கரம் இழுக்கும்போது, இடதுகை முன்னே நின்று முறுக்கை அளந்து விட, வலதுகை ரோமத்தைப் பிடித்தபடி மெல்லப் பின்னே போகிறது. முறுக்கு அளவுக்கு மீறிச் சுருளுக்குள் ஓடிவிட்டால் நூல் கட்டிபடும், போதாவிட்டால் அறுந்துபோகும். நான் மூன்று மணிநேரம் முயன்றேன். கிடைத்தது நாலு முழ நூலும் வலது தோளில் ஒரு வலியும். இரண்டு இழைகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கி இருபுரி நூலாக்கும்போதுதான் அதுவரை துள்ளிக்கொண்டிருந்த இழை அடங்கிச் சமநிலைக்கு வருகிறது. ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு முறுக்குகள் இப்படிச் சேர்ந்து அமைதியாவதை விரல்நுனியில் உணர்ந்தபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது.

குளிரில் நூற்பதற்கும் இங்கே நூற்பதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்டேன். கழுவாத ரோமத்தில் ஆட்டின் மேனியில் சுரக்கும் கம்பளிநெய் படிந்திருக்கும். உடற்சூட்டுக்குச் சற்றே கூடுதலான வெப்பத்தில்தான் அது உருகும் என்பதால், அங்கே குளிர்காலக் காலையில் ரோமம் மெழுகுபோல் விறைத்துக் கிடக்கும். விறகடுப்பருகே ஒரு கூடையில் வைத்து இளக்கிய பிறகே தொட முடியும். நூற்று முடிக்கும்போது கையெல்லாம் நெய்யேறி, பனியில் வெடித்த தாதிக் கைகள் ஆறிவிடுமாம். இங்கே வேறு வகைத் தொல்லை. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழுத்துக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகவே தெரியாது. சுங்கை சிப்புட்டின் காற்றில் சிட்டம் காய நாட்கணக்காகிறது, பெட்டியில் அடைத்தால் பூஞ்சை பூக்கிறது. ஆகவே வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியில் எடுத்துக் காற்றாட விரித்து, அந்துப்பூச்சி அண்டாமல் காய்ந்த வேப்பிலை போட்டுப் பிஸ்கட் டின்களில் வைக்கிறார்.

மறுநாள் கோலகங்சாருக்குப் போய், 1877இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ நட்ட ஒன்பது ரப்பர்க் கன்றுகளில் இன்றும் நிற்கும் ஒரு மரத்தைப் பார்த்தோம். பெரியம்மா அதன் அடிமரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே பாட்டியைப் பற்றிப் பேசினார். கத்தி ஆழமாகப் போய் மரத்தின் உயிர்ப்பட்டையில் பட்டுவிட்டால் அந்த இடத்தில் வளரும் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வரும். பாட்டி ஒரு மரத்தைத் தடவியே, இது பொறுமையில்லாத கை சீவிய மரம், இது நல்ல கை சீவியது என்று சொல்லிவிடுவாராம். திரும்பும் வழியில் சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை. எனக்கு வீட்டில் ஒன்றைக் காட்ட வேண்டும் என்று அவர் அவசரப்பட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு ரோமக்கற்றையை எடுத்து, இரு முனைகளையும் என் இரு கைகளில் கொடுத்து, காதருகே வைத்துச் சுண்டி இழுக்கச் சொன்னார். தம்பூராத் தந்தியைத் தொட்டதுபோல் 'டிங்' என்று ஒரு சன்னமான ஒலி. "நல்ல வருசம்" என்றார். ஆட்டுரோமம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆடு பட்டினி கிடந்தாலோ கொடும் நோய் கண்டாலோ அந்நாட்களில் வளரும் இழை மெலிந்துவிடும். ஆண்டு முழுக்க மற்ற நாட்களெல்லாம் நன்றாக இருந்தாலும், அந்த ஓரிடத்தில் கற்றை அறுந்துபோகும். அறுபடும்போது மணியோசை வராது, காகிதம் கிழிவதுபோல் ஒரு சத்தம்தான் வரும். அத்தகைய ரோமத்தை நூற்க இயலாது, ஆனால் படிக்க முடியும் என்று அவர் சொன்னார்.

பிறகு 1992ஐப் பற்றிச் சொன்னார். அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியில், ஆடுகள் குட்டி போடத் தொடங்கிய வேளையில், கேண்டர்பரியில் பெரும்பனி விழுந்தது. 10 இலட்சத்துக்கும் அதிகமான ஆடுகள் அதில் மாண்டன. மின்சாரம் போய், பாதைகள் மூடி, பண்ணைவீடு தனித்துவிட்டது. பெரியப்பாவும் உடனிருந்த ஆட்களும் பனியை மிதித்து மிதித்து ஒற்றையடித் தடம் உண்டாக்க, சிக்கியிருந்த ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தத் தடத்தில் நடந்து வந்தனவாம். முழுக்கப் புதைந்தவற்றை மூச்சுச் சூட்டால் பனியின் மேல் உண்டான சிறு துளையைக் கொண்டு கண்டுபிடித்தார்கள். துளை தெரியாத இடங்களில் மணி மோப்பம் பிடித்து நின்றது. அது நின்ற இடத்தில் தோண்டினார்கள். சில குழிகளில் பசி தாளாமல் ஒன்றன் ரோமத்தை ஒன்று தின்றபடி ஆடுகள் உயிரோடிருந்தன. பெரியம்மா அந்த நாட்களில் ஈரத் துணிகளை அடுப்பைச் சுற்றி உலர்த்தினார், விறைத்த குட்டிகளை அடுப்படிப் பெட்டியில் கிடத்திக் குழாய் வழியே பால் புகட்டினார். எஞ்சிய இரவுகளில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் நூற்றார். ஆட்கள் திரும்புகிறார்களா என்று வாசலைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, காலுக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது என்றார்.

மறு ஆண்டு சனவரியில் ரோமம் கத்தரித்தபோது, மணி கண்டுபிடித்த ஆடுகளில் ஒன்றின் ரோமத்திலிருந்து அவர் ஒரு கற்றையை எடுத்து வைத்துக்கொண்டார். அதை மருந்துச் சீட்டு உறை ஒன்றிலிருந்து எடுத்து மேசை விளக்கின் முன் பிடித்தார். பால்வெள்ளை நிறத்தில் அழகாக நெளிந்த கற்றை. வெட்டுமுனையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி, குறுக்காக ஒரு மயிரிழைக் கோடு. விளக்கைச் சற்றுச் சாய்த்தபோதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. "அதான் ஆகஸ்ட்டு" என்றார் பெரியம்மா.

நான் கையை நீட்டினேன். இதை இழுத்துப் பார்க்கக் கூடாதும்மா, இது ஒன்றுதான் இருக்கிறது என்று சொல்லி, உறைக்குள் திரும்ப வைத்து, வேப்பிலைக்கு நடுவில் செருகி டின்னை மூடினார். பிறகு சக்கரத்தின் அச்சுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நாயைக் காலால் மெல்ல நகர்த்திவிட்டு, காலையில் பாதியில் விட்ட சுருளைக் கையில் எடுத்தார்.