தொலைக்காட்சியில் நடவு நட்ட அம்மா

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் பெரியவர்கள் சம்பா வயலில் மழைத் தண்ணீர் வடிகிறதா என்று வாய்க்கால் வாய்க்காலாக அலைவார்கள். பிள்ளைகள் ராத்திரி பிக் பாஸ் பார்ப்பார்கள். தமிழில் அதன் முதல் சீசன் 2017 ஜூனில் வந்தது. அப்புறம் அக்டோபரில் தொடங்கிப் பொங்கல் வரை ஓடுவது வழக்கமாகிவிட்டது. காலையில் பதினொன்றாம் வகுப்புக்குள் நுழைந்தால் முதல் பேச்சே யார் நல்லவர், யார் நடிக்கிறார் என்பதுதான்.

டிவியை அணைத்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள் என்று ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கலாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிள்ளைகள் ஆசையோடு பார்க்கிற ஒன்றை எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தர பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு இடம் கிடையாது.

இதற்கு வழி காட்டியவர்கள் இருக்கிறார்கள். பிரேசிலில் பாவ்லோ ஃப்ரேய்ரே என்ற கல்வியாளர் 1963இல் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் திட்டத்தை நடத்தினார். அவர்கள் அன்றாடம் புழங்கும் சொற்களிலிருந்தே தொடங்கி, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையைப் பற்றியும் பேசவைத்தார். ஆஸ்திரேலியாவில் பீட்டர் ஃப்ரீபாடி, ஆலன் லூக் என்ற இரண்டு கல்வி ஆய்வாளர்கள் 1990இல் வாசிப்பவர் செய்யும் வேலைகளை நான்காகப் பிரித்தார்கள். எழுத்தைக் கூட்டுவது, பொருள் கொள்வது, பயன்படுத்துவது, யார் எதற்காக இப்படி எழுதினார்கள் என்று பிரித்து ஆராய்வது. நம் தேர்வுகள் முதல் இரண்டைத்தான் துருவித் துருவிக் கேட்கின்றன. எதையும் கேள்வி கேட்டுப் படிக்கிற விமர்சன எழுத்தறிவுக்கு நான்காவதுதான் உயிர் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு பாட்டுப் போட்டியின் அறிமுகக் காட்சியிலிருந்து தொடங்கினேன். கிராமத்துப் பெண் ஒருத்தி பாட வருகிறாள். பச்சை வயல், கூரை வீடு, சேற்றில் நடவு நடும் அம்மா, பின்னால் இழையும் வயலின், கண்ணைத் துடைக்கும் நடுவர். முதல் தடவை அப்படியே போட்டுக் காட்டினேன். வகுப்பில் இரண்டு மூன்று பேருக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டாவது தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுப் போட்டேன். அப்போதுதான் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள். அவள் அம்மா நடவுக்குப் போகிறவர்.

“டீச்சர், அந்தம்மா முன்னால நடந்துக்கிட்டே நடுறாங்க. நடவு நட்டா பின்னாலதானே போவோம்? முன்னால போனா நட்டதை நாமளே மிதிச்சிடுவோம்ல?”

வகுப்பே சிரித்தது. அப்புறம் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். முடிச்சு பிரிக்காத நாற்றுக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி நட முடியும் என்றான் ஒருவன். பக்கத்து வயலில் கதிர் முற்றி நிற்கிறது, இந்த வயலில் மட்டும் எப்படி நடவு என்றாள் இன்னொருத்தி. கேமராக்காரர் எதிரில் நின்று முகம் தெரிய வேண்டும் என்று முன்னால் வரச் சொல்லியிருப்பார். அந்த அம்மாவுக்கு நடவு தெரியும் என்பதே எங்கள் முடிவு. தெரிந்த வேலையைத் தெரியாதவர் போலச் செய்யவைத்திருக்கிறார்கள்.

அந்தக் காட்சியில் எது இல்லை என்று அடுத்து கேட்டேன். இது கஷ்டமான கேள்வி, ஏனென்றால் இல்லாததைப் பார்க்கப் பழக வேண்டும். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, தாத்தா நாதஸ்வரம் வாசிக்கும் வீட்டிலிருந்து வரும் பையன் சொன்னான்: “அந்த அக்காவுக்கு யார் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாங்கன்னு எங்கயுமே வரல டீச்சர். எங்க தாத்தா விடியகாலம் எழுப்பி சாதகம் பண்ண உட்கார வச்சிடுவாரு. சும்மா வராது.”

எனக்கு அது பெரிய திறப்பாக இருந்தது. கர்நாடக இசையின் மும்மூர்த்திகள் பிறந்த திருவாரூர் எங்களுக்குப் பக்கத்தில்தான். நாதஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளையின் திருவாவடுதுறையும், நாதஸ்வரத்தைக் கடைந்தெடுக்கும் நரசிங்கம்பேட்டையும் இதே காவிரிக் கரையில் இருக்கின்றன. இப்படிப்பட்ட பகுதியிலிருந்து போகிற பெண்ணுக்குக் குரல் கடவுள் கொடுத்த வரம் என்று மட்டும் மேடையில் சொன்னால் அவளுடைய பயிற்சி மறைந்துபோகிறது, சொல்லிக்கொடுத்தவரும் மறைந்துபோகிறார். ஏழை என்றால் பாவம், கிராமம் என்றால் படிப்பறிவில்லாத திறமை. இந்த அச்சில் பொருந்தாத எதையும் வெட்டிவிடுகிறார்கள்.

வெட்டுவது என்றதும் பிக் பாஸுக்கு வந்தோம். 24 மணி நேரம் ஓடும் கேமராக்களிலிருந்து டிவியில் நமக்கு வருவது ஒன்றோ ஒன்றரையோ மணி நேரம். கத்திய முகத்துக்கு அடுத்து யாருடைய முகத்தை ஒட்டுவது என்பதை எடிட்டிங் மேசையில் முடிவு செய்கிறார்கள். இதைப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள், ரீல்ஸ் செய்கிற தலைமுறை அல்லவா. அவர்கள் எதிர்பாராதது வேறு ஒன்று. வீட்டுக்குள் சண்டை போட்ட போட்டியாளர்களைப் பற்றித் தோன்றியதைத் துண்டுச் சீட்டில் பெயர் போடாமல் எழுதித் தரச் சொன்னேன். கரும்பலகையில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டே வந்தேன். ஆண்கள் பக்கம் கோபக்காரர், நேர்மையானவர், மனசில் பட்டதைப் பேசுவார் என்று சேர்ந்தது. பெண்கள் பக்கம் வாயாடி, திமிர், அழுது காரியம் சாதிப்பவள். பெண் பிள்ளைகளின் சீட்டிலும் இதேதான்.

யாரும் எதுவும் சொல்லாமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “ஆம்பள கத்துனா நியாயம் கேக்குறாரு, பொம்பள கத்துனா வாயா?” என்று ஒருத்தி கேட்டாள். அவள் கேட்டது டிவியையா, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களையா என்று தெரியவில்லை. இரண்டையும்தான் என்று எடுத்துக்கொண்டேன். இந்த எண்ணத்தை டிவி மட்டும் உண்டாக்கவில்லை. திண்ணையிலும் டீக்கடையிலும் ஏற்கனவே இருப்பதை எடுத்து, பளபளப்பாக்கி, நம்மிடமே திருப்பி விற்கிறது. அதனால் நிகழ்ச்சியைக் குறை சொல்வதோடு பாடத்தை முடிக்க எனக்கு மனம் வராது.

குடும்பத் தகராறுகளை மேடைக்குக் கொண்டுவரும் பஞ்சாயத்து நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசியபோது ஒரு பையன் கேட்ட கேள்வி இன்னும் என்னை விடவில்லை. “பணக்காரங்க வீட்டுச் சண்டை மட்டும் ஏன் டீச்சர் வரவே மாட்டேங்குது?” ‘சொல்வதெல்லாம் உண்மை’ நிகழ்ச்சிக்கு 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்ததைச் சொன்னேன். வசதி உள்ளவர்கள் வக்கீலைப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு பேசிக்கொள்வார்கள் என்று பிள்ளைகளே பதிலும் கண்டுபிடித்தார்கள். அப்போது, சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, அதற்கான வட்டக் குழு நம் தாலுகா நீதிமன்றத்திலேயே இருக்கிறது என்றேன். பெரும்பாலோருக்குத் தெரியாத செய்தி. ஸ்டுடியோவுக்குப் போகும் வழி ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, இது தெரியவில்லை.

கடைசியாக ஒரு வேலை கொடுத்தேன். பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் அக்காவிடம் சம்மதம் கேட்டு, கைபேசியில் அவரைப் படம் பிடித்து, அதே காட்சிகளை வைத்து இரண்டு அறிமுகப் படங்கள் செய்ய வேண்டும். ஒன்றில் சோக இசை, புகை, வேர்வை, பெருமூச்சு. இன்னொன்றில் அவர் அரிசி அளப்பது, எத்தனை பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்று கேட்டு உலையைக் கூட்டிக் குறைப்பது, முட்டையை எண்ணி வாங்குவது, அவர் குரலிலேயே விளக்கம். இரண்டையும் அவரிடமே போட்டுக் காட்டினார்கள். “மொதல்ல உள்ளதை அழிச்சிடுங்க தம்பி. ரெண்டாவதை எம் மவளுக்கு அனுப்பு” என்றார்.

அந்தப் படத்தை எடுத்த பையனே மறுநாள் என்னிடம் வாதாடினான். முதல் படத்தைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள் டீச்சர், ஓட்டும் அதற்குத்தான் விழும். அந்தப் பாட்டுக்கார அக்கா அழாமல் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருப்பாங்களா? இல்லாதவங்க கிடைச்ச வழியில முன்னுக்கு வந்தா தப்பா? அவன் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. தப்பு அந்தப் பெண்ணுடையது இல்லை என்று சொன்னேன். அழுதால்தான் இடம் என்று விதி வைத்தவர்கள் யார், அந்த ஓட்டால் யாருக்கு விளம்பரப் பணம் வருகிறது என்று கேட்டேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. வகுப்பு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. பொங்கல் விடுமுறை முடிந்ததும் இதையே பட்டிமன்றமாக வைக்கலாம் என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கியாயிற்று.