தலையில் கை வைத்த கரடி

டிகிரி முடித்துவிட்டு வீட்டில் பாயைத் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு மே மாதம், நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிற ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் கரடி வேசம் போட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். (பூங்காவின் பெயர் வேண்டாம். 4 நாள் சம்பளம் பாக்கி இருக்கிறது, கிடைக்கும் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை.) இன்டர்வியூவில் ஒரே கேள்விதான், உயரம் எவ்வளவு? 5 அடி 10 அங்குலம் என்றேன். கரடிக்குச் சரியாக இருக்கும் என்று அப்போதே எடுத்துக்கொண்டார்கள். இத்தனை வருசம் படித்ததில் யாரும் என்னை இவ்வளவு சீக்கிரம் பாஸ் போட்டதில்லை.

உடுப்பை கேன்டீன் தராசில் வைத்துப் பார்த்தோம், 7 கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி, அதில் தலை மட்டும் 2 கிலோ 800. ஏழு கிலோ அரிசியைத் தூக்கிக்கொண்டு நட என்றால் யாரும் நடந்துவிடுவார்கள், ஆனால் அதையே போர்த்திக்கொண்டு இடுப்பை ஆட்டி, கையை ஆட்டி, வருகிற பிள்ளைக்கெல்லாம் குனிந்து கை கொடுத்து நிமிர வேண்டும் என்றால் மூன்றாவது பிள்ளைக்கே நாரி, அதாவது இடுப்பு, விட்டுப்போகும். கரடித் தலை தோளில் உட்கார்ந்திருப்பதால் நான் உள்ளே கழுத்தைத் திருப்பினால் அது திரும்பாது, யாராவது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் இடுப்போடு மொத்தமாகத் திரும்ப வேண்டும், லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி. அதன் கண் என் நெற்றிக்கு மேலே எங்கோ இருந்தது. நான் பார்ப்பது அதன் வாயில் தைத்திருக்கிற கறுப்பு வலைத்துணி வழியாக. நேரே எதிரில் இருப்பது தெரியும், இடுப்புக்குக் கீழே எதுவுமே தெரியாது. பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள்.

வெயிலைப் பற்றிச் சொல்லவேண்டும். 33 டிகிரி என்றால் வேலூர்க்காரன் சிரிப்பான். வியர்ப்பதால் உடம்பு குளிர்வதில்லை, அந்த வியர்வை காய்வதால்தான் குளிர்கிறது. கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்து கிடக்கும், சும்மா நிற்கிறவனுக்கே வியர்வை காயாது, ஸ்பாஞ்சும் முடித்துணியும் சுற்றிக்கொண்டு நிற்கிறவனுக்கு எங்கே காய? அது வழிந்து வழிந்து கரடியின் பாதத்தில் போய்த் தேங்கும், சாயங்காலம் நடந்தால் சளக் சளக் என்று கேட்கும். ஒரு நாள் வேலைக்கு முன்னாலும் பின்னாலும் எடை பார்த்தேன். இடையில் அவ்வளவு தண்ணீர் குடித்தும் ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது என்று கணக்கு. தலைக்குள் பேட்டரியில் ஓடுகிற குட்டி விசிறி ஒன்று வைத்திருந்தார்கள், என் மூச்சையே திரும்ப என் மூஞ்சியில் அடிப்பதுதான் அதன் வேலை. ஆரல்வாய்மொழிப் பக்கம் கரண்ட் எடுக்க அத்தனை காற்றாடி சுற்றுகிற மாவட்டத்தில் எனக்கு வாய்த்த காற்றாடி இது.

அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்று விடியும் முன்னாலேயே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். என் வேலை நேரத்தைக் கேட்டதும் அவருக்கு நம்பவே முடியவில்லை.

“மரமே வெயிலுக்கு முன்னாடி வேலைய முடிச்சிருது, நீ பத்து மணிக்குத்தான் தொடங்குவியோ?”

பதில் இல்லை. ஆனால் என்னைக் காப்பாற்றியதும் அவர்தான். முதல் வாரம் வெறும் தண்ணீராகக் குடித்துக் குடித்து மத்தியானம் கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கும், நான் உள்ளே அம்மா அம்மா என்று நொண்டுவேன், வெளியே கரடி நொண்டுவதைப் பார்த்துக் கைதட்டுவார்கள். வியர்வையோடு உப்பும் சேர்ந்துதானே போகிறது. “கஞ்சித்தண்ணில உப்பு போட்டுக் குடிச்சிட்டுப் போ மக்ளே” என்று ஒரு பாட்டிலில் ஊற்றிக் கையில் கொடுத்தார். அதிலிருந்து அதுதான். தலையில் தோர்த்தை, அதாவது துண்டை, கட்டிக்கொண்டால் வியர்வை கண்ணுக்குள் இறங்காது என்பதும் அவர் சொன்னதே. மூக்கு அரிப்புக்கு மட்டும் அவரிடமும் வழி இல்லை, நானே கண்டுபிடித்தேன், வலைத்துணியில் மூக்கைத் தேய்க்க வேண்டும்.

இரண்டு சட்டங்கள். கரடி பேசக்கூடாது. பிள்ளைகள் முன்னால் தலையைக் கழற்றக்கூடாது. ஜிப் வேறு முதுகில் இருப்பதால் அவசரத்துக்கு நானாகக் கழற்றவும் முடியாது, அதனால் கூடவே ஒரு ஆள் இருப்பான். எனக்கு வாய்த்தவன் கொட்டாரத்துத் தம்பி ஒருவன். முடியவில்லை என்றால் ரெண்டு கையையும் தலையில் வைத்துக்கொள்கிறேன், உடனே உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடு என்று பேசி வைத்திருந்தோம். தலையில் கை வைத்தால் நம்ம ஊரில் யாருக்குத்தான் அர்த்தம் தெரியாது?

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். 20 நிமிசம் வெளியே, 20 நிமிசம் உள்ளே என்பது கணக்கு, அன்றைக்கு அந்தக் கணக்கை யாரும் பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம் இருக்கும், திடீரென்று உடம்பெல்லாம் குளிர்ந்து புல்லரித்தது. அடடா, விசிறி இன்றைக்குத்தான் ஒழுங்காக வேலை செய்கிறது என்று நினைத்தேன். (நர்ஸாக இருக்கிற சித்தி பிறகு திட்டித் தீர்த்தாள். அந்த வெயிலில் குளிர் எடுத்தால் உடம்பு கையை விரிக்கப் போகிறது என்று அர்த்தமாம்.) அப்புறம் காலடியில் தரை மெல்ல ஆட ஆரம்பித்தது. சரி, போதும் என்று ரெண்டு கையையும் தூக்கித் தலையில் வைத்தேன்.

தம்பியைக் காணோம். “ஒரு சாயா குடிச்சிட்டு வாறேன்” என்று அவன் சொன்னது விசிறி சத்தத்தில் என் காதில் விழவே இல்லை.

முன்னால் நின்ற ஒரு பையன் அவனும் கையைத் தலையில் வைத்தான். பக்கத்தில் இருந்தவள் வைத்தாள். “எலே, கரடி புது ஸ்டெப் போடுது பாருல” என்று ஒரு குரல். நான் அவசரம் என்று காட்ட கையைத் தலையில் வைத்தபடியே இடதும் வலதும் ஆடினேன், மொத்தக் கூட்டமும் இடதும் வலதும் ஆடியது. முழங்கால் மடங்கி கொஞ்சம் இறங்கினேன், அவர்களும் இறங்கினார்கள். வலைத்துணி வழியாகப் பார்க்கிறேன், ஐம்பது அறுபது பேர் தலையில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அப்பாமார் எல்லாம் செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். சாயாவோடு திரும்பி வந்த தம்பி என்ன செய்திருப்பான் என்று நினைக்கிறீர்கள்? கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு அவனும் ஆடினான்.

ஒரு நிமிசம் கழித்துத்தான் அவனுக்கு உறைத்தது. உள்ளே இழுத்துக்கொண்டு போய்த் தலையைக் கழற்றி, நனைந்த தோர்த்தைக் கழுத்தில் போட்டு, தரையில் படுக்க வைத்தான். கண்ணைத் திறந்தால் மேனேஜர் நிற்கிறார். உடம்புக்கு என்ன என்று கேட்பார் என்று பார்த்தேன்.

“தம்பி, கடைசில போட்ட அந்த ஸ்டெப் சூப்பர். இனிமே எல்லா ரவுண்டுலயும் போட்டிரு.”

அவ்வளவுதான், எங்கள் அபாய சைகை போய்விட்டது. மறுநாள் வேறு ஒன்று பேசி வைத்தோம், முடியவில்லை என்றால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவேன். இதை யாரும் ஆட முடியாது. மூன்றாம் நாளே உட்கார வேண்டி வந்தது. உட்கார்ந்தேன். வலைத்துணிக்குள் ஒரு பாட்டியின் முகம் வந்தது, அடுத்த நொடி மடியில் ஏதோ கனமாக இறங்கியது, பேரன்.

“அசையாம இரு மக்ளே, போட்டோ எடுக்கட்டு” என்றார் பாட்டி. பேரனிடம் சொன்னாரா என்னிடமா என்று தெரியவில்லை. ரெண்டு பேரும் அசையாமல் இருந்தோம்.