சுற்றுப்புறம் என்றொரு கட்டம்

அசையாமல் நிற்பவரைப் பார்த்து, "ஏன் குத்துக்கல்லாட்டம் நிக்கிற?" என்று கேட்போம். கொங்குப் பகுதியில் நெடுகற்களை, அதாவது பழங்காலத்தில் இறந்தவர் நினைவாக நட்ட உயரமான கற்களை, பதிவு செய்யும் வேலைக்குப் போன பிறகுதான் அந்தக் குத்துக்கல்லை நேரில் பார்த்தேன். சோளக்காட்டின் நடுவே, பட்டையான ஒற்றைக் கல். சுமார் 11 அடி. ஊத்துக்குளி அருகே குமரிக்கல்பாளையத்தில் 30 அடியை ஒட்டி நிற்கும் கல்லோடு ஒப்பிட்டால் இது சின்னதுதான். ஆனாலும் பக்கத்தில் போய் நின்றால் நம் குரல் தானாகத் தணிந்துவிடுகிறது.

படிவத்தில் முதல் பாதி சுலபம். உயரம், அடியில் அகலம், கனம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அகலமான முகம் எந்தத் திசையைப் பார்க்கிறது. இரும்பு டேப்பைக் கையில் வைத்துக்கொண்டே திசைகாட்டியைப் பார்த்தால் முள் பொய் சொல்லும் என்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டேன். உச்சி வெயிலில் படம் எடுத்தும் பயனில்லை, கல் வெறும் பலகை மாதிரி தெரியும். மாலையில் வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் உளி பட்ட இடமும் மழை அரித்த கோடும் தனித்தனியாக எழுந்து வரும். அன்று மாலை இடுப்புயரத்தில் ஒரு பட்டை மட்டும் பளபளவென்று மின்னியது. ஏதோ சடங்கின் அடையாளம் என்று நினைத்துவிட்டேன். தோட்டத்துக்காரர் சிரித்தார்: "அது மாடு ஒரசுனதுங்க."

'காலம்' என்ற கட்டத்தில்தான் பேனா நின்றது. 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகற்களில் தமிழ்ப் பிராமி எழுத்து இருந்தது, அவற்றை வாசித்துக் காலம் சொல்ல முடிந்தது. எழுத்தே இல்லாத கல்லுக்கு அந்த வசதி கிடையாது. பாறையின் வயதைக் கண்டுபிடித்தாலும் உதவாது. நமக்கு வேண்டியது அதை நட்ட காலம். அது கல்லில் இல்லை. கல்லை இறக்கிய குழியின் மண்ணில் இருக்கிறது, பக்கத்து ஈமக்குழியின் கரியில், எலும்பில், கருப்பு-சிவப்புப் பானை ஓட்டில் இருக்கிறது. 'இரும்புக்காலம், கேள்விக்குறி' என்று எழுதினேன்.

இவ்வளவும் தெரிந்தும், கடைசியாக இருந்த 'சுற்றுப்புறம்' கட்டத்தில் என்ன எழுதினேன் தெரியுமா? 'சிறப்பாக ஏதுமில்லை.' இருட்டிக்கொண்டு வந்தது, கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். சோளத்தட்டைக்குள் அங்கங்கே உருண்டைக் கற்கள் கிடந்ததைப் பார்க்காமல் இல்லை. எல்லாத் தோட்டத்திலும் கிடப்பதுதானே என்று விட்டுவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து, விட்டுப்போன ஓர் அளவுக்காக மறுபடி போனோம். நிலம் மட்டமாகியிருந்தது. சொட்டுநீர்க் குழாய்கள் ஓடின. நடுவில் கல் அப்படியே நின்றது, அதைச் சுற்றி நாலடி இடம்கூட விட்டிருந்தார்கள். தோட்டத்துக்காரருக்குப் பெருமை.

"கல்லை நாங்க தொடவே இல்லீங்க. சுத்திக் கெடந்த உருண்டைக் கல்லைத்தான் பொக்லைன்ல தள்ளி ஓரமாப் போட்டோம். நீங்க அளந்தது இதை மட்டுந்தானுங்களே?"

அவரைச் சொல்லி என்ன பயன்? நான் எதை அளந்தேனோ அதை அவர் காப்பாற்றியிருக்கிறார். ஓரத்துக் குவியலைப் போய்ப் பார்த்தேன். எது எங்கே கிடந்தது என்று அவருக்கும் நினைவில்லை, எனக்கும் இல்லை. அது ஈமக்குழியைச் சுற்றி அந்தக் காலத்தில் வைத்த கல்வட்டமாக இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இடம் மாறிய பிறகு அந்தக் கற்கள் வெறும் கற்கள்.

அன்றிரவு பழைய படங்களை எல்லாம் திறந்து பார்த்தேன். 43 படங்கள். கல் முழுதாகத் தெரிய வேண்டும் என்று தரையை ஒதுக்கி ஒதுக்கி எடுத்திருக்கிறேன். ஒன்றில் மட்டும், விளையாட்டாக எடுத்தது, என்னோடு வந்த நண்பர் ஓர் உருண்டைக் கல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு கற்கள், லேசாக வளைந்த வரிசையில். அளவுகோல் இல்லை. நண்பரின் உயரத்தை வைத்து இடைவெளிகளைக் குத்துமதிப்பாகப் போட்டேன்.

திருத்திய படிவத்தின் சுற்றுப்புறக் கட்டத்தில் இப்போது இப்படி இருக்கிறது: 'ஐந்து உருண்டைக் கற்கள், வளைவாக. தற்போது இல்லை. சான்று: சக பணியாளர் தண்ணீர் குடிக்கும் படம்.'