பெரியப்பா வெடித்த கதை

வீட்டிலிருந்தபடி ஒலிப்புத்தகம் வாசிக்கத் தொடங்கிய முதல் மாதமே, 40 நிமிட அத்தியாயம் ஒன்று திரும்பி வந்தது. கூடவே எடிட்டர் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். 17 இடங்களில் ‘டுப்’ என்று வெடிக்கிறதாம். பாட்டி, பானை, பந்தல், பெரியப்பா. கதையே பெரியப்பாவைப் பற்றியது என்பதால் தப்பிக்க வழியில்லை.

உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு ‘மாட்டு’ என்றும் ‘பாட்டு’ என்றும் சொல்லிப் பாருங்கள். இரண்டுக்கும் உதடுகள் ஒட்டித்தான் பிரிகின்றன. ஆனால் மகரத்தில் காற்று மூக்கு வழியே நழுவிவிடுகிறது; பகரத்தில் உதட்டுக்குப் பின்னால் அடைபட்டு ஒரேயடியாகப் பாய்கிறது. மைக்கின் மெல்லிய சவ்வில் அது அறையும் ஓசைதான் அந்த ‘டுப்’. தமிழின் பகரம் ஆங்கிலத்தின் பகரத்தைவிடச் சாதுதான். கோபக்காரப் பாத்திரத்தின் வசனம் வந்துவிட்டால் அந்தச் சாதுவும் சீறும். மென்பொருளில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டினால் அடி குறையும், தழும்பு இருக்கும்.

300 ரூபாய்க்கு ஒரு பாப் ஃபில்டர் வாங்கினேன்; வாய்க்கும் மைக்குக்கும் நடுவே நின்று இந்தக் காற்றை உடைக்கும் வலை அது. 6 அங்குல வட்டம், இரண்டடுக்கு நைலான் வலை. வலையில் ஒரு குறையும் இல்லை. அதை ஸ்டாண்டோடு இணைக்கும் வளையும் தண்டு, அதாவது கழுத்துதான் சதி செய்தது. நிமிர்த்தி வைத்துவிட்டு வாசிக்க உட்கார்ந்தால், மூன்றாம் பக்கத்துக்குள் பஸ்ஸில் தூங்குகிறவர் தலைபோல மெல்லச் சாயும். சாயும்போது ‘கிறீச்’ என்று ஒரு முனகல் வேறு, அதுவும் பதிவாகிவிடும். ஆறே மாதத்தில் பிளாஸ்டிக் திருகின் மரை தேய்ந்து, பிடி மைக் ஸ்டாண்டில் நிற்க மறுத்தது.

அடுத்து 1,100 ரூபாய்க்கு உலோக வலை. அதன் துளைகள் சாய்வாக இருப்பதால் காற்று கீழ்நோக்கித் திரும்பிவிடும், கழுவுவதும் எளிது. ஆனால் நான் இருப்பது சென்னையில், கடற்காற்று நேரே வீசும் மாடி வீட்டில். இரண்டு ஆண்டுகளில் வண்ணம் உரிந்து துரு புள்ளி வைத்தது. எச்சில் படும் இடத்தில் துருவை வைத்துக்கொண்டு எப்படி வாசிப்பது? கழுத்து மட்டும் திருப்பிய திசையில் அசையாமல் நின்றது. இத்தனை நாளும் வலையைப் பார்த்தே காசைக் கொடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. உழைக்க வேண்டியது கழுத்தும் பிடியும்.

கீழ்வீட்டில் தையல் வேலை செய்யும் அக்காவிடம் சொன்னேன். பூவேலை செய்யும் மரவளையம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதன்மேல் நைலான் காலுறையை உறைபோல மாட்டி இரு முனையிலும் முடிந்தார். வளையத்தின் இருபுறமும் ஒவ்வோர் அடுக்கு, நடுவே வளையத்தின் கனம் அளவுக்கு இடைவெளி. நான் இன்னும் இழுக்கப் போனதும், துணியின் கண் விரிந்தால் காற்று அப்படியே போய்விடும் என்று கையைத் தட்டிவிட்டார். ஒலியைப் பற்றி அவர் எங்கும் படித்ததில்லை. துணியைப் பற்றித் தெரியும். அதைப் பழைய உலோகக் கழுத்தில் கம்பியால் கட்டிவிட்டேன்.

கடையில் வாங்குவதானாலும் சோதனை ஒன்றுதான். வலைக்குப் பின்னால் கையை வைத்து ‘பப்பாளி’ என்று சொல்லுங்கள். உள்ளங்கையில் காற்று குத்தினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்; மறுபக்கம் தெரியாத அளவுக்கு அடர்த்தி என்றால் குரலின் கூர்மையை மழுக்கிவிடும். மைக்கின் தலையில் மாட்டும் ஸ்பாஞ்சு உறையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் சில ஆண்டுகளில் பொடிந்து உதிர்கிறது.

மைக்கிலிருந்து நான்கு விரல் தள்ளி வலை, வலையிலிருந்து நான்கு விரல் தள்ளி வாய். மைக்கைச் சற்றே ஒதுக்கி, உதட்டின் ஓரத்தைப் பார்க்கும்படி திருப்பினால் பாதி வெடிப்பு தானாகவே விலகிப் போகும். இதற்குக் காசு வேண்டாம். ‘ச’, ‘ஸ’ சீறுவதையும் எந்த வலையும் தடுக்காது. அதற்கும் இந்தத் திருப்பல்தான் ஓரளவு உதவுகிறது.

இதுவரை நான்கு முறை காலுறை மாற்றியாயிற்று; கழுத்து அதேதான். மாதம் ஒருமுறை சோப்பு நீரில் அலசிக் கொடியில் மாட்டுகிறேன். ஒற்றைக் காலுறையை ஏன் வட்டமாகக் காயப்போடுகிறேன் என்று எதிர்வீட்டு மாமி கேட்டுக்கொண்டே இருக்கிறார்.